கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பொத்தானைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரல் வேர்த்துவிட்டது.

சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கேட்கவில்லை.

காது பரிசோதனை வேன் மில் வாசலுக்கே வந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் உட்காரும் பெட்டி. சுவரெல்லாம் பஞ்சு. காதுகளை மூடி இரண்டு கிண்ணம். எதிரே சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல்.

பெட்டிக்குள் அனுப்பும் முன் டெக்னீசியன் பெண் கையை ஆட்டி ஆட்டி விளக்கியிருந்தாள். சத்தம் என்பது காற்றில் வரும் அலை. காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒன்று, அதற்குள் பூனைமுடி போல மெல்லிய முடிகள். அலை வந்து அவை அசைந்தால்தான் கேட்கும். கீச்சுச் சத்தத்தைப் பிடிக்கிற முடிகள் வாசலிலேயே நிற்கின்றன. உள்ளே போகிற எந்த இரைச்சலும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் போகும். சாய்ந்தது எழுந்திருக்காது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். தறியால் கெட்ட காது என்று தெரிந்தால் மடிப்புக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

மடிப்புக்கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

தறி ஓட்டுகிற அவளுக்கு அது வேண்டும்.

தாராபுரத்தில் வாக்கப்பட்ட மகள் போனில் பேசினால் 'அம்மா' மட்டும் முழுசாக வருகிறது. மற்றதெல்லாம் நொய்யாகப் பொடிந்துவிடுகிறது. போனில் முகமும் தெரியாது.

அந்த 'அம்மா'வும் போய்விடக்கூடாது.

வேனின் திறந்த கதவில் மேனேஜர் வந்து பக்கவாட்டில் சாய்ந்து நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

அவர் ஆபீஸ் ஆள். தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர். அங்கே யாரும் குரலெடுத்துப் பேசுவதில்லை என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது? அத்தனை தறி ஓடும்போது தொண்டை எதற்கு. உதடு போதும். நாலு தறி தள்ளி நிற்கிறவள் மாமியாரை வைவதும், அதற்கு இவள் எடுத்துக்கொடுப்பதும், இரண்டு பேரும் சிரித்துச் சாவதும் உதட்டிலேயே நடக்கும்.

மேனேஜருக்குத் தடித்த உதடு. படிக்க லேசாக இருந்தது.

"பிறவியிலேயே இப்படின்னு போட்டுருங்க."

டெக்னீசியன் அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அவள் முதுகுதான் தெரிந்தது. அந்தம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருப்பாள்.

அவர் சிரித்தார்.

"சொன்னாலும் காதுல விழவா போவுது?"

பிறவியிலேயே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தறி தாளம் தப்பினால் முதுகைக் காட்டிக்கொண்டே எந்தத் தறி என்று சொன்னவள் அவள். மேஸ்திரி ஆள் கூட்டிவந்து காட்டுவார்.

பெட்டியின் கதவு திறந்தது. டெக்னீசியன் கிண்ணங்களைக் கழற்றினாள். முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து என்னவோ சொன்னாள். குனிந்த வாயைப் படிக்க முடியவில்லை.

படிக்க ஒன்றும் இல்லை.

அவள் கீழே இறங்கினாள். கதவுக்கு நேரே பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லாரும் தறிக்காரிகள்.

அவர்கள் முன்னால் நின்று, மேனேஜர் சொன்னதைக் குரல் இல்லாமல், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

வரிசையில் முதலாவதாக நின்ற தெய்வானையின் உதடு அசைந்தது.

"அவரு வாயை நாங்களும் பாத்தோங்கக்கா."

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேனுக்குள் ஏறினாள்.

வரிசை ஓரடி நகர்ந்தது.