சுவரில் இருந்த பவளக்கல்

கடலோர வீடொன்றின் சுவரில் ஒரு பவளக்கல் இருந்தது. ஒரு நாள் காலையில் அலை ஒன்று முற்றம் வரை ஏறி வந்து அதன்மேல் மோதியது.

"அட, நீயா! இத்தனை வருஷமா எங்கேடா போயிருந்தே?" என்றது அலை.

"வீடு உறுதியா நிக்கணும்னு எங்களைக் கடலுக்குள்ள இருந்து பெயர்த்துட்டு வந்தாங்க. நீ ஏன் இவ்வளவு தூரம் வந்தே? உள்ளே தொட்டில்ல பிள்ளை தூங்குது."

"நானா வர்றேன்? பின்னால வர்றவங்க தள்ளுறாங்க. முன்னே நீங்க குறுக்கே நின்னீங்க. கரைக்கு வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடும். இப்ப யாரு இருக்கா?"

அலை திரும்பியபோது சுவரின் ஒரு மூலை சரிந்தது.

வீட்டுக்காரர் சவரிமுத்து மேட்டில் செங்கல் வீடு கட்டிக் குடிபோனார். பழைய கற்களைப் படகில் ஏற்றினார்.

"இதையெல்லாம் எங்கே கொண்டுபோறீங்க?" என்றாள் மனைவி.

"எங்கப்பா எடுத்துட்டு வந்தது. எடுத்த இடத்துலேயே வச்சுட்டு வந்துடறேன்."

அதன்பின், கடலுக்குள் கற்களை இறக்கிய அந்த இடத்தில், அவை உடையாதிருக்க அவர் நங்கூரம் போடவில்லை. மற்றவர்களையும் போட விடவில்லை. கல்லின் முதுகில் நகத்தளவு பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர்ந்தன. மீன்கள் வந்தன.

சில வருஷம் கழித்து அலை அங்கே மோதித் துவண்டது.

"கரைக்குத்தானே போறே? அந்தப் பிள்ளையைப் பார்த்துட்டு வா" என்றது கல்.

போய்த் திரும்பிய அலை சொன்னது:

"மணல்ல வீடு கட்டி விளையாடுது. அதைக்கூட என்னால இடிக்க முடியலடா."