ஒரு சொட்டுகூட

"என் முடியில ஒரு சொட்டுகூடப் படக் கூடாது" என்றாள் இம்கெ, நாற்காலியில் உட்காரும் முன்பே.

அவள் கையில் ஒரு கற்றை சவுரி. அசல் மனித முடிதான். ஆனால் விற்றவர்கள் அதை வெளுத்து வெளுத்து வெண்ணெய் மஞ்சளாக்கி வைத்திருந்தார்கள். இம்கெயின் முடி அந்த நிறமில்லை.

சிகை அலங்கார நிலையம் கேசாவுடையது. அவள் இம்கெயின் தலையிலிருந்து ஒரு பிரியை எடுத்து விரலில் சுற்றி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெளியே, ஜெர்மனியின் ஹூசும் ஊர்த் துறைமுகத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. மப்பு போட்டிருந்தது. நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான் சரி.

வேரில் சாம்பல். நடுவில் வைக்கோல். நுனியில் வெயிலும் உப்புக்காற்றும் தின்ற வெளுப்பு. பொன்னிறம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

"எல்லாத்தையும் சவுரியிலயே கொண்டுவர்றது கஷ்டம்மா. உங்க முடியில அங்கங்க லேசா நாலு கீத்து வெளுத்து விட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்."

"வேண்டாம்."

"பசை வச்சு ஒட்டவாவது..."

"கிளிப் போதும்."

பக்கத்து நாற்காலியில் தலை நிறையச் சுருள் போட்டுக்கொண்டிருந்த தொம்சன் அம்மாள், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பொறக்கும்போதே வந்த பொன்முடி. நம்மளுது மாதிரி டப்பாவுல வந்ததா என்ன?"

கேசா சிரித்தாள். இம்கெ சிரிக்கவில்லை.

கேசாவுக்கு அவளைப் பிடிக்காமல் போனது அப்போதுதான். தலைமுடியைக் கிரீடம் மாதிரி சுமந்துகொண்டு திரிகிறவர்களை இந்தக் கடையில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

வேலையை வேலையாகச் செய்தாள். சவுரியின் மஞ்சளை அடக்கக் கொஞ்சம் ஊதா. வேர்ப்பக்கத்துக்குச் சாம்பல், நீர்க்கக் கரைத்து. முதலில் போட்டது பச்சை தட்டியது. அலசிவிட்டு மறுபடி கலந்தாள். ஈரத்தில் எல்லா நிறமும் சரியாகத்தான் தெரியும் என்பதால் முழுக்க உலர்த்தி, சீவி, இம்கெயின் தோளில் அவளுடைய முடியோடு சேர்த்துப் போட்டாள்.

எது சவுரி என்று கேசாவுக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"எங்க மாட்டணும்?"

இம்கெ குனிந்து, பின்மண்டை முடியைத் தானே ஒதுக்கிப் பிடித்துக் காட்டினாள்.

மேல்முடிக்கு அடியில், பென்சில் கனத்துக்கு ஓர் இடம் தோலோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அதை அடுத்து இன்னொன்று. அது முன்பே வெட்டியது, முள்முள்ளாக முளைத்திருந்தது. முடி வெட்டத் தெரிந்தவர்கள் செய்த வேலை இல்லை.

கேசாவின் கை நின்றது.

"லேபுக்கு எடுத்தாங்க." மடியைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னாள் இம்கெ. "நான் இப்பக் குடிக்கிறதில்லைன்னு என் முடிதான் சொல்லணுமாம். என் பேச்சைக் கோர்ட்டுல எடுத்துக்க மாட்டாங்க. அடுத்த மாசம் மறுபடி வெட்டுவாங்க. சாயம் பட்டிருந்தா செல்லாது."

தொம்சன் அம்மாள் பத்திரிகையைத் தாழ்த்தினாள்.

கேசா அரை அடி நகர்ந்து, அவள் பார்வை படாதபடி இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"விரிச்சு விட்டா வெளிய தெரியாதே. எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெடணும்?"

"ஞாயித்துக்கிழமை மகளைக் கூட்டிட்டு வருவாங்க. குழந்தைகள் நல அலுவலகத்து அம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. மக வந்ததும் சோபாவுல ஏறி நின்னு என் தலையைப் பின்னத் தொடங்கிடுவா. இங்க முடி எங்கம்மான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

கேசா வெட்டுப்பட்ட இடத்துக்குச் சற்று மேலே கிளிப்பை அழுத்தி மாட்டினாள். சவுரி முடியோடு முடியாக விழுந்தது. மூன்றாகப் பிரித்து, தொழில் பழக்கத்தில் தளர்வாக, அழகாகப் பின்னி முடித்தாள். வெட்டு தெரியவில்லை.

பிறகு அதை அவிழ்த்தாள்.

"மகளுக்கு என்ன வயசு?"

"ஏழு."

இந்தத் தடவை கோணல்மாணலாக வகிர்ந்து, பிடி கிடைக்காத சின்னக் கை இழுப்பதுபோல் வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பின்னினாள். கிளிப் அசையவில்லை. இம்கெயின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"இன்னும் இழுங்க" என்றாள் இம்கெ. "அவ இதைவிட இழுப்பா."