ஒன்பது போனும் ஒரு மேகமும்

ஒன்பது போன்களையும் வாங்கித் தூக்குவாளியில் போட்டு மூடியாயிற்று. அப்படியும் வகுப்பில் ஒரு கண்கூடக் கரும்பலகையில் நிற்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஷாரோனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. நாளைக்குத் தேர்வு. ஒன்பது பெண்களும் முறை வைத்தாற்போல் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள். மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. “அப்படி அங்க என்னதான்க்கா இருக்குது?” என்று கேட்டே விடுகிறாள். முன்வரிசை மரகதம் நோட்டைப் பார்த்தபடி சொல்கிறாள்: “எங்க ஒம்போது வூட்டுப் பட்டு நூலும் தெருவுல கழியில காயுது டீச்சர். சாயம் போட்ட ஈரம் இன்னும் போவல. தூறல் பட்டா திட்டுத்திட்டா ஆயிடும்.”

இதை வந்ததுமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! “வாங்கம்மா, எல்லாத்தையும் உள்ள கொண்டாந்துடலாம்,” என்று ஷாரோனே முதலில் படியிறங்குகிறாள். சற்று நேரத்தில் பெஞ்சுக்குப் பெஞ்சு மூங்கில் கழிகள் கிடக்கின்றன. அரக்கும் கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளுமாய் நூல் கற்றைகள் தரையைத் தொடாமல் தொங்குகின்றன. ஷாரோனின் முழங்கையில் ஒரு பச்சைத் தீற்றல். கடைசிக் கழியும் உள்ளே வந்து, எல்லோரும் நடுவே உட்கார்ந்து நோட்டைத் திறந்ததும் தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்குகிறது. யாரும் நிமிரவில்லை. ஒன்பது விரல்கள் எழுத்தெழுத்தாய் நகர்கின்றன. தூக்குவாளிக்குள் ஒரு போன் அலறுகிறது, பின்னாலேயே இன்னொன்று, பிறகு எல்லாமே. மூடி கடகடவென்று ஆடுகிறது. ஷாரோன் அதைத் திறக்கக் கை நீட்டுகிறாள்.

“அடிக்கட்டும் டீச்சர்,” என்கிறாள் மரகதம், தலை தூக்காமல். “மழ வருதுன்னு சொல்லத்தான் வூட்லேர்ந்து கூப்புடுறாங்க. நீங்க அடுத்த வரிய எழுதுங்க.”