மேட்டு நாணல்

"எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க" என்கிறேன். குராமோச்சிப் பெரியவரிடம் ஒருநாளும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லி வளர்த்தது இதைத்தான். அவர் கையில் தேநீர்க் கிண்ணம் பாதியில் நிற்கிறது. அடுப்புக்குழியின் புகை உத்தரங்களைச் சுற்றி ஏறி, வெயில் கீற்றில் நீலமாகித் திரும்பி, கரி படிந்த நாணல் கூரைக்குள் மறைகிறது. வெளியே, என்னோடு பஸ்ஸில் வந்த சுற்றுலாக்காரர்கள் இந்தக் கூரையைத்தான் படமெடுக்கிறார்கள். இந்த மலையூரில் ஒரு வீட்டுக்குக் கூரை மாற்றினால் மற்ற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் வேலைக்குப் போக வேண்டும். அப்பா சாகக் கிடந்த வருஷம் அம்மாவால் போக முடியவில்லை. அதற்காக எங்கள் கூரைக்கு ஒருவரும் போகக் கூடாது என்றவர் இவர். அந்தக் குளிர்காலத்துப் பனியின் பாரத்தில் வீடு அமுங்கியது. இப்போது இவர் கூரைக்கு வேண்டிய நாணல் எங்கள் மேட்டில் நிற்கிறது.

"அது ஊர் வழக்கம், சிஹோ. நானா செஞ்சேன்?"

"குடும்பத்துலயே முதல் பட்டதாரி. படிச்சதெல்லாம் வாயில இறங்கிருக்கு" என்று அவர் மனைவி சிரிக்கிறாள்.

"ஆமா அத்தை. படிச்சதாலதான் மேடு யார் பேர்ல இருக்குன்னு பத்திரத்துல பார்த்தேன்."

பெரியவர் நாணல் அறுக்கச் சம்மதக் கடிதத்தையும் முத்திரைக்கான சிவப்பு மையையும் என் பக்கம் தள்ளுகிறார். "முத்திரையைக் குத்திட்டுக் கிளம்பு. மூணு மணிக்கு பஸ்."

அவர் தலை குனிகிறது. மன்னிப்பு கேட்கத்தான் என்று ஒரு நொடி நம்பிவிடுகிறேன். தேநீரை உறிஞ்சத்தான் குனிந்திருக்கிறார்.

எழுந்து செருப்பை மாட்டுகிறேன். "திங்கட்கிழமை நாணலோட சேர்த்து மேட்டை உழ டிராக்டர் வருது. டிராக்டர்காரர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன். நீங்க குனிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்."

கதவைச் சாத்தாமலே வெளியே நடக்கிறேன்.