ஏழுதான் அசல்

"இருபத்து நாலு தட்டு. எண்ணிட்டேன்," என்றாள் மகள். "தாத்தா கப்பல்ல சமையல்காரர். பிரெஞ்சு கேப்டன் பரிசாக் கொடுத்தாராம். அம்மா எனக்குன்னு உயில்ல எழுதியிருக்காங்க."

அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மதிப்பீட்டாளர் முதல் தட்டைத் திருப்பி அடியிலிருந்த பச்சை முத்திரையைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்தார்.

"அசல்தான். ரோஜா எல்லாம் கையால வரைஞ்சது. ஒரு பூ மாதிரி இன்னொண்ணு இல்ல பாருங்க."

மகள் முகம் மலர்ந்தது. சமையலறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். அண்ணன் இறந்து ஆறு வருஷம். அதற்குப் பிறகும் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

எட்டாவது தட்டில் மதிப்பீட்டாளரின் கை நின்றது.

"இது வேற."

"வேறன்னா?"

"பூ அச்சடிச்சது. முத்திரையும் இல்ல. யாரோ இதே மாதிரி தேடிப் பிடிச்சு வாங்கியிருக்காங்க. சாதாரணக் கடைத் தட்டு."

மற்றவற்றையும் பார்த்து முடித்தார்.

"ஏழுதான் அசல். பதினேழு போலி. முழு செட்டுன்னா நல்ல விலை போகும். ஏழுக்குப் பெருசா ஒண்ணும் வராதும்மா."

அவர் படியிறங்கும்வரைதான் மகள் பொறுத்தாள்.

"எங்கே வித்தீங்க அண்ணி?"

அண்ணி உள்ளே கட்டிலை நோக்கி நடந்தாள். மகள் பின்னாலேயே போனாள்.

"கஷ்டம்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. ஞாபகம் தப்பிப்போன மனுஷி கண்ணுல மண்ணைத் தூவணுமா?"

அண்ணி கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். செய்தித்தாள் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தாள். தங்கக் கரை போட்ட துண்டுகள், பாதி ரோஜா.

"விக்கலை. உடைஞ்சது. அத்தைக்குக் கை நடுக்கம்."

"பதினேழுமா?"

"உடைஞ்ச அன்னிக்குச் சாப்பிட மாட்டாங்க. 'எம்பொண்ணுக்கு வச்சிருந்தது போச்சே'ன்னு அழுவாங்க. மறுநாள் மறந்துடும். ஆனா அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்ப்பாங்க. எண்ணிக்கை குறையக் கூடாதேன்னு கடை கடையா அலைஞ்சு வாங்கி வச்சேன்."

மகளின் குரல் இன்னும் இறங்கவில்லை. "நடுக்கம்னு தெரியுதுல்ல? அலமாரியைப் பூட்டியிருக்கலாமே. அவங்க கையில ஏன் கொடுத்தீங்க?"

அண்ணி பொட்டலத்தைத் திரும்பச் சுற்றினாள். சொல்லாமலே விட்டுவிடத்தான் பார்த்தாள்.

"பிடுங்க மனசு வரலை. நீங்க வரேன்னு போன் பண்ற அன்னிக்கு மட்டும்தான் ஒரு தட்டை எடுப்பாங்க. தானே கழுவித் துடைச்சு உங்களுக்கு வைப்பாங்க. ராத்திரி வரைக்கும் உங்க வழியைப் பார்த்துட்டு, திருப்பி அலமாரியில வைக்கப் போறப்பதான் கை நழுவிடும்."