மருந்து அடித்த மல்பெரி

அநியாயம் நடந்தது பின் சந்துப் பிள்ளைகளுக்கு. செடியில் விஷ மருந்து அடித்திருக்கிறது, பழத்தைத் தொடாதே என்ற எச்சரிக்கையை, அவர்களுக்குப் படிக்க வராத இங்கிலீஷில் எழுதி மாட்டியிருந்தார் ஜூலியா ஆன்ட்டி.

அல்சூரில் எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர்வீடு அவருடையது. ஆஸ்பத்திரி லேபில் வேலை, தனி ஆள். காம்பவுண்டு ஓரமாக ஆளுயர மல்பெரிச் செடி. மார்கழியில் இலை கொட்டியதும் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணிவிட்டார். மாசியில் புதுக் கிளை முழுக்கப் பழம். பாதிக் கிளைகள் ரோட்டுப் பக்கம் தொங்கின.

பள்ளிக்கூடம் விட்டதும் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து பறித்துத் தின்பார்கள். வாயெல்லாம் ஊதா. தலைக்கு மேலேயே அந்த போர்டு.

பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஆள் இல்லை நான். கேட்டைத் தட்டினேன்.

"ஆன்ட்டி, பசங்க பழம் சாப்பிடறாங்க. பார்த்தீங்களா?"

"பார்த்தேனே."

"போர்டு இங்கிலீஷ்ல இருக்கு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுத்து பெருசாத்தானே இருக்கு?"

"பெருசா எழுதினா புரிஞ்சிடுமா? தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதுங்க."

"வேண்டாம் அதிதி."

"ஏன் வேண்டாம்? ஒரு காரணம் சொல்லுங்க."

"அடுப்புல குக்கர் வச்சிருக்கேம்மா" என்று உள்ளே போய்விட்டார்.

இது ஒரு பதிலா?

செடியடியில் மகா நின்றிருந்தாள். எங்கள் அபார்ட்மென்டில் மாடிப்படி கூட்டும் லட்சுமம்மாவின் பெண், இரண்டாம் வகுப்பு. பழத்தோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"துப்புடி. அது விஷம்."

"ஒண்ணும் ஆவாதுக்கா" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. தெரியாதவர்களுக்குத் தெரியாத மொழியில் சொல்லிவிட்டு, 'நான்தான் சொல்லிட்டேனே' என்று கைகழுவுவது எவ்வளவு வசதி.

அன்றைக்கே ரெண்டு அட்டை வாங்கினேன். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. 'விஷ மருந்து அடித்த செடி. பழம் தின்றால் உயிருக்கு ஆபத்து.' உயிருக்கு ஆபத்து என்பது நானாகச் சேர்த்தது. கேட்டில் கட்டி, போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் ஜூலியா ஆன்ட்டி வாசலில் சத்தம். லட்சுமம்மா மகாவின் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஏம்மா, உன் செடிப் பழத்தைத் தின்னு எம் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா? காலையில இந்த அட்டையப் படிச்சதும் கையும் ஓடல, காலும் ஓடல. வாயில விரலை விட்டு வாந்தி எடுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டரு ஒண்ணும் இல்லன்னுதான் சொல்றாரு. எம் மனசு கேக்குமா?"

மகா விசும்பினாள். "ஆன்ட்டிதான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க..."

நான் முன்னால் போய் நின்றேன்.

"இப்பவாவது பதில் சொல்லுங்க ஆன்ட்டி. இவங்க பிள்ளைங்கன்னா அவ்வளவு எளக்காரமா?"

ஜூலியா ஆன்ட்டி ஒரு கிளையை இழுத்தார். நாலு பழம் பறித்து, கழுவாமலே வாயில் போட்டுக்கொண்டார். இன்னும் ரெண்டை மகாவிடம் நீட்டினார். அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"மருந்தே அடிக்கல லட்சுமம்மா. உங்ககிட்டயும் முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

"அப்போ போர்டு?" என்றேன் நான்.

"போன வருஷம் உங்க அபார்ட்மென்ட்டுலேர்ந்து காலையில வாக்கிங் வர்றவங்க டப்பா டப்பாவா பறிச்சுட்டுப் போனாங்க. ஜாம் போட, ஸ்மூத்தி அடிக்க. கேட்டா, ரோட்டுக்கு வந்த கிளை பொதுன்னு சட்டம் பேசுறாங்க. சாயங்காலம் பசங்க வர்றப்போ ஒரு செங்காய்கூட மிச்சமிருக்காது. அதான் இந்த வருஷம் போர்டு எழுதி மாட்டிட்டு, பசங்களை மட்டும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி வச்சேன்."

லட்சுமம்மா என் அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கோ விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி? வாசல் தேடி வந்து கேட்டேனே?"

தமிழ் அட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"உங்களுக்காகத்தானேம்மா அந்த இங்கிலீஷ் போர்டையே மாட்டினேன்."