சால்மன் தூண்டில்

ஒக்லண்டின் கிளென் ஈடன் பகுதியில், தன் வீட்டுக் கராஜில் யேசுராசா இரண்டு மாதமாகத் தூண்டில் தடி செய்துகொண்டிருந்தார். கழிவு விலையில் வாங்கிய வெறுந்தடியில் தூண்டில் நூல் ஓடும் வளையங்களை வைத்து, சிவப்புத் தையல்நூலால் இறுக்கிச் சுற்றிப் பசை பூசினார்.

“என்ன மீனுக்கு அண்ணை?” என்று பக்கத்து வீட்டு டெஸ்மன் கேட்டான்.

“சால்மன்.”

டெஸ்மன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஒக்லண்ட் ஆறுகளில ஏது சால்மன்? அதுக்குத் தெற்குத் தீவுக்கெல்லோ போகவேணும்!”

“அப்பிடியே? செய்து முடிச்சிட்டன். இனிப் போகத்தான் வேணும்.”

“இஞ்ச கடலில ஸ்னாப்பர் பிடிக்கலாமே?”

“எனக்குச் சால்மன்தான் வேணும்.”

அடுத்த சனிக்கிழமை யேசுராசா தடியும் கையுமாகத் தெற்குத் தீவின் கிறைஸ்ட்சேர்ச்சில் ஒரு வீட்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்தவள், மூன்று மாதத்துக்கு முன் சண்டைபிடித்துக்கொண்டு தமக்கை வீட்டுக்கு வந்துவிட்ட அவர் மனைவி விக்ரோறியா.

“என்னைத் தேடி வரவேண்டாமெண்டெல்லோ கடிதம் போட்டனான்?”

“உம்மைத் தேடி ஆர் வந்தது? நான் மீன் பிடிக்க வந்தனான்.”

அவள் தடியை வாங்கி, வளையங்களைக் கட்டியிருந்த நூலைத் தடவினாள். அவளுடைய தையல்பெட்டி நூல்.

“சரி, தூண்டில் நூல் சுற்றுற ரீல் எங்க?”

யேசுராசா தடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதை அவர் வாங்கவேயில்லை.

“மீன் பிடிக்க வந்த ஆளைப் பார்!” என்று கதவை அகலத் திறந்தாள் விக்ரோறியா.